தெரியாத பெயருக்குப் பூஜ்ஜியம்

சி மொழியில் எழுதிய கோப்பைக் கம்பைலர் படிப்பதற்கு முன்னால் ப்ரீபிராசசர் படித்துவிடுகிறது. நிரல் என்ன செய்கிறது என்பதில் அதற்கு அக்கறை கிடையாது. ஹேஷ் குறியில் தொடங்கும் வரிகள்தாம் அதற்கான கட்டளைகள். இந்தப் பெயர் வருமிடத்தில் அந்த எண்ணைப் போடு. இந்த இடத்தில் அந்தக் கோப்பைக் கொண்டுவந்து சேர். இந்த நிபந்தனை சரியாக இருந்தால் இங்கிருந்து அதுவரை உள்ள வரிகளை வைத்துக்கொள், இல்லாவிட்டால் நீக்கிவிடு. நீக்கப்பட்ட வரிகளைக் கம்பைலர் பார்ப்பதே இல்லை. அவற்றில் எழுத்துப்பிழை இருக்கலாம். என்றோ ஒழிந்துபோன ஒரு ஃபங்ஷனை அவை இன்னும் அழைத்துக்கொண்டிருக்கலாம். கேட்க ஆள் இல்லை.

பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கிக்கொண்டிருந்த 1972–73 வாக்கில் இது மொழிக்குள் வந்தது. ஆலன் ஸ்னைடர் வற்புறுத்தியதும் ஒரு காரணம் என்று ரிட்சி பிற்பாடு எழுதினார். தொடக்கத்தில் கோப்பைச் சேர்ப்பதும் பெயருக்குப் பதிலாக வேறொன்றை வைப்பதும் மட்டுமே இருந்தன. மைக் லெஸ்க்கும் அவரைத் தொடர்ந்து ஜான் ரைசரும் அதை விரிவாக்கியபோது நிபந்தனை வரிகள் வந்து சேர்ந்தன. யூனிக்ஸ் பல வகைக் கணினிகளுக்குப் பரவத் தொடங்கியதும் அவை இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. ஒரே கோப்பு எல்லாவற்றிலும் ஓட வேண்டும். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று இருக்காது, அல்லது வேறு மாதிரி இருக்கும். அந்த நெருக்கடியில் இந்த வரிகள் செய்த உபகாரம் பெரிது. அதை மறந்துவிட்டு இவற்றைத் திட்டுவது நியாயமில்லை.

நிபந்தனையை இரண்டு விதமாகக் கேட்கலாம். 'இஃப்டெஃப்' என்று எழுதினால், இந்தப் பெயர் அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் கேட்கிறோம். 'இஃப்' என்று எழுதினால், அந்தப் பெயரின் மதிப்பு என்ன, அது பூஜ்ஜியமா இல்லையா என்று கேட்கிறோம். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். பெரும்பாலான நாட்களில் ஒரே விடையைத் தரவும் செய்யும். இப்படி அறிவிக்கும் பெயரை மேக்ரோ என்பார்கள். ஒருநாள் ஒருவர் 'டிபக்' என்ற மேக்ரோவுக்கு 0 என்று மதிப்புக் கொடுத்து, அதை அணைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பார். 'இஃப்' என்று கேட்ட கோப்புகளில் அது அணைந்துவிடும். 'இஃப்டெஃப்' என்று கேட்ட கோப்புகளில் எரிந்துகொண்டேயிருக்கும். மதிப்பு பூஜ்ஜியமானால் என்ன, பெயர் இருக்கிறதே! நிரலின் ஒரு பாதி ஒன்றை நம்புகிறது, மறுபாதி வேறொன்றை நம்புகிறது. கம்பைலர் வாயே திறக்காது. மொழியின் இலக்கணப்படி இதில் குற்றம் எதுவும் இல்லை.

இதற்கும் அடியில் இன்னொரு விதி கிடக்கிறது. 'இஃப்' வரியில் யாரும் அறிவிக்காத ஒரு பெயர் வந்தால், அதன் மதிப்பு 0 என்று கொள்ள வேண்டும். தரநிலை ஆவணம் சொல்லும் விதி இது. எந்தக் கம்பைலரும் இதை மீற முடியாது. ஒழுங்கில்லாத மேக்ரோக்களைச் சீர்செய்ய உட்காரும் எவரும் கடைசியில் வந்து நிற்பது இந்த விதியின் முன்னால்தான். என் கவனத்தையும் இத்தனை காலம் பிடித்து வைத்திருப்பது இதுவே.

ஓர் எண்ணை நினைவகத்தில் வைக்கும்போது பெரிய இலக்க பைட்டை முதலில் வைக்கும் கணினிகள் உண்டு, சிறியதை முதலில் வைப்பவையும் உண்டு. பிக் எண்டியன், லிட்டில் எண்டியன் என்பார்கள். நம் மேசைக் கணினிகளும் கைபேசிகளும் பெரும்பாலும் இரண்டாம் வகை. எந்த வகை என்று அறிய, 'பைட் ஆர்டர்' என்ற மேக்ரோவும் 'பிக் எண்டியன்' என்ற மேக்ரோவும் சமமா என்று 'இஃப்' வரியில் கேட்பது வழக்கம். இந்த இரண்டு பெயர்களையும் அறிவிக்கும் ஹெடர் கோப்பைச் சேர்க்க மறந்தால் என்ன ஆகும்? இரண்டுமே தெரியாத பெயர்கள், ஆகவே இரண்டுமே 0. பூஜ்ஜியமும் பூஜ்ஜியமும் சமம். விடை: ஆம், இது பிக் எண்டியன் கணினி. ஒன்றுமே தெரியாத நிலையிலிருந்து திட்டவட்டமான, தவறான ஒரு பதில் பிறந்துவிடுகிறது. எண்கள் தலைகீழாகக் கோப்பில் எழுதப்படும் வரை யாருக்கும் சந்தேகம் வராது.

இதே பொருளில் இன்னொரு வம்பும் உண்டு. லினக்ஸ் கெர்னலின் உள்ளே, முன்னால் இரட்டை அடிக்கோடு போட்ட 'பிக் எண்டியன்', 'லிட்டில் எண்டியன்' என்ற இரண்டில் ஏதாவது ஒன்றுதான் அறிவிக்கப்பட்டிருக்கும். அங்கே 'இஃப்டெஃப்' என்று கேட்பதே சரி. ஜிலிப்சி நூலகத்தின் ஹெடரிலோ அதே எழுத்துகளில் அதே இரண்டு பெயர்களும் எப்போதும் இருக்கும். ஒன்றின் மதிப்பு 4321, மற்றொன்றின் மதிப்பு 1234. மூன்றாவது ஒரு பெயரோடு ஒப்பிட்டுத்தான் விடை காண வேண்டும். கெர்னலில் பழகிய கை வெளியே வந்து, 'பிக் எண்டியன்' இருக்கிறதா என்று 'இஃப்டெஃப்' எழுதினால் எல்லாக் கணினியும் பிக் எண்டியன்தான். இரு தரப்பின் வழக்கமும் தத்தம் இடத்தில் சரியானது. எல்லை தாண்டும் நிரலுக்குத்தான் ஆபத்து.

மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் ஒரு வீடு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, அந்த வீட்டுக்கு நேரே 'ஆட்கள்: 0' என்று எழுதிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய்விட்டார் என்று வையுங்கள். தாளில் எந்தக் கட்டமும் காலியாக இல்லை. கூட்டிப் பார்த்தால் கணக்கும் சரியாக வரும். ப்ரீபிராசசர் செய்வது இதைத்தான், ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான வாசல்களில்.

லினக்ஸ் கெர்னலில் நடந்ததைச் சொல்கிறேன். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ப்ராசசரை நிறுத்தி விலக்கும் வசதிக்கு அங்கே 'கான்ஃபிக் ஹாட்பிளக் சிபியு' என்று பெயர். ஒரு கோப்பில் மட்டும் அது 'கான்ஃபிக் சிபியு ஹாட்பிளக்' என்று மாறி எழுதப்பட்டிருந்தது. அப்படி ஒரு பெயரே கெர்னலில் இல்லை. ஆகவே அந்த நிபந்தனைக்குள் இருந்த வரிகள் எவருடைய கணினியிலும், எந்த அமைப்பிலும் கம்பைல் ஆகவில்லை. ப்ராசசரை விலக்கியதும் அதற்கென ஒதுக்கிய நினைவகத்தைத் திருப்பித் தரும் வேலை அந்த வரிகளுடையது. சில அமைப்புகளில் நினைவகம் கசிந்தது. 2010இல் ஒரு பேட்ச், அதாவது ஒரு சிறு திருத்தம், இரண்டு சொற்களை இடம் மாற்றியது; கசிவு நின்றது. அந்த வரிகளை எழுதியவர் தன் கடமையைச் செய்திருந்தார். படித்துச் சரிபார்த்தவர்களுக்கும் வரிகள் நியாயமாகவே தெரிந்திருக்கும். பெயரில் இருந்த பிசகைச் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தது ப்ரீபிராசசர் மட்டுமே, அதற்கோ தெரியாத பெயர் என்றால் பூஜ்ஜியம்.

இது தனியொரு விபத்து அல்ல. ஜெர்மனியின் எர்லாங்கன்-நியூரம்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் யூரோசிஸ் மாநாட்டில் ஒரு கட்டுரையை முன்வைத்தார்கள். லினக்ஸ் கெர்னலில், கம்பைல் செய்யும்போது அமைத்துக்கொள்ளக்கூடிய தேர்வுகள் அப்போதே 10,000க்கும் மேல் இருந்தன. அந்தத் தேர்வுகளின் பட்டியலையும் நிரலில் உள்ள நிபந்தனைகளையும் அவர்கள் எழுதிய கருவி ஒப்பிட்டுப் பார்த்தது. நிபந்தனை போலத் தோன்றி உண்மையில் நிபந்தனையே அல்லாத இடங்கள் 1,776 கிடைத்தன. சில தொகுதிகள் எந்த அமைப்பிலும் உயிர் பெறாதவை. சில எந்த அமைப்பிலும் நீங்காதவை. 123 பேட்சுகள் அனுப்பினார்கள். அவை தொட்ட குறைகளில் 20, அதுவரை யாரும் அறியாத பிழைகளைத் திருத்தியதாகக் கெர்னல் நிரலாளர்களே உறுதி செய்தார்கள். உலகிலேயே மிக அதிகமான கண்கள் படிக்கும் சி நிரல் என்று அதைச் சொல்லலாம். அங்கேயே இந்த நிலை.

இந்த ஒழுங்கின்மைக்கு யாரையும் குற்றவாளியாக நிறுத்த முடியாது. ஆட்டோகான்ஃப் கருவி, ஒரு வசதி இருந்தால் 'ஹேவ்' என்று தொடங்கும் பெயருக்கு 1 என்று மதிப்புத் தரும். இல்லையென்றால் அந்தப் பெயரை அறிவிக்காமலே விட்டுவிடும். சிமேக் கருவியில் அப்படியும் செய்யலாம், 0 அல்லது 1 என்று இரண்டையும் எழுதச் சொல்லவும் செய்யலாம். விண்டோஸுக்கான கம்பைலர்கள் முன்னால் அடிக்கோடு போட்ட 'வின்32' என்ற பெயரைத் தாமே அறிவிக்கின்றன. அடிக்கோடு இல்லாத 'வின்32' வேறு வழிகளில் வரும், சில சமயம் வராது. சோதனைக் குறிப்புகளுக்கு ஒருவர் 'டிபக்' என்பார், இன்னொருவர் அடிக்கோட்டோடு எழுதுவார். சி மொழியின் அசர்ட் வசதியோ 'என்டிபக்' என்ற பெயர் இருந்தால் அணைந்துவிடும். ஆகவே அதைச் சார்ந்து எழுதுகிறவர்கள் 'டிபக் இல்லை என்பது இல்லையென்றால்' என்று சுற்றி வளைக்க வேண்டியிருக்கிறது. பல ஊர்க்காரர்கள் பல ஆண்டுகளில் வந்து தத்தம் ஊர் வழக்கத்தோடு எழுதிவிட்டுப் போன நிரல் அது. ஒவ்வொரு வரியும் அதை எழுதிய நாளில் சரியாக ஓடியது. அதனால்தான் அது அங்கே இருக்கிறது.

இதுவரை சொன்னவற்றில் மௌனத்துக்குப் பொருள் 'வேண்டாம்' என்பது. அதை அப்படியே திருப்பிப் போட்ட பெயரிடும் முறையும் உண்டு. இணையத் தொடர்புகளை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் பல வசதிகளுக்கு, பெயருக்குள் 'நோ' என்று வரும் மேக்ரோக்கள். அறிவித்தால் அந்த வசதி விலகும். ஒன்றும் சொல்லாவிட்டால் உள்ளே வந்துவிடும். இங்கே மௌனம் என்றால் சம்மதம். 2012 மார்ச்சில் வந்த 1.0.1 பதிப்பில் ஹார்ட்பீட் என்ற வசதி இப்படித்தான், அதை நிறுவிய எல்லார் சர்வருக்குள்ளும் கேட்காமலே நுழைந்தது. அதில் இருந்த பிழை 2014 ஏப்ரல் 7 அன்று ஹார்ட்பிளீட் என்ற பெயரில் வெளியானது. எதிர்முனையிலிருந்து வந்த அளவை அப்படியே நம்பி, சர்வரின் நினைவகத்திலிருந்து ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்த பிழை அது. உடனே புதிய பதிப்புக்கு மாற முடியாதவர்களுக்கு அந்த நூலகத்தார் சொன்ன வழி, 'நோ ஹார்ட்பீட்ஸ்' என்ற மேக்ரோவை அறிவித்து மறுபடி கம்பைல் செய்யுங்கள் என்பது. பிழை மேக்ரோவில் இல்லை, எல்லையைச் சோதிக்காத நிரலில் இருந்தது. ஆனால் அந்த வசதி தங்களுக்குத் தேவையா என்ற கேள்வியை எத்தனை பேரிடம் யார் கேட்டார்கள்? ஒரு பெயரை எழுதாமல் இருந்ததன் வழியாக அவர்கள் எல்லாரும் ஆமென்று சொல்லியிருந்தார்கள்.

தேர்வுகள் பெருகப் பெருக இன்னொன்றும் நடக்கிறது. ஒன்றையொன்று சாராத ஆம்-இல்லைத் தேர்வுகள் 33 இருந்தால், அவற்றைச் சேர்க்கக்கூடிய விதங்கள் எண்ணூற்று ஐம்பது கோடிக்கும் மேல். இன்று உலகில் வாழும் மனிதர்களைவிட அதிகம். அவற்றில் நாலைந்தைத்தான் யாராவது கம்பைல் செய்து பார்க்கிறார்கள். மீதி எல்லாம் காகிதத்தில் மட்டும் இருக்கும் வாக்குறுதிகள். ஓப்பன்எஸ்எஸ்எல் விடுவித்த நினைவகத்தைத் தனக்கென ஒரு பட்டியலில் சேமித்து மறுபடி பயன்படுத்தும். அதை விலக்க ஒரு மேக்ரோவும் இருந்தது. ஹார்ட்பிளீட் வெளியான நாட்களில் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தின் நிரலாளர் டெட் உனாங்ஸ்ட் அந்த மேக்ரோவை அறிவித்துப் பார்த்தார், இணைப்புகள் முறிந்தன. விடுவித்த நினைவகம் கலையாமல் அப்படியே திரும்பக் கிடைக்கும் என்று வேறோர் இடத்தில் நிரல் நம்பிக்கொண்டிருந்தது. சுவிட்ச் பெயர்ப்பலகையோடு தொங்கிக்கொண்டிருந்தது, அதைத் தட்டிப் பார்த்தவர்கள்தாம் இல்லை.

அதே மாதம் ஓப்பன்பிஎஸ்டி குழு அந்த நூலகத்தைப் பிரித்தெடுத்து லிப்ரெஎஸ்எஸ்எல் என்று தொடங்கியது. முதல் வாரத்திலேயே 90,000 வரிகளுக்கு மேல் நீக்கினார்கள். பழைய மேக், நெட்வேர், ஓஎஸ்/2, 16-பிட் விண்டோஸ், ஓப்பன்விஎம்எஸ் என்று நிபந்தனை நிபந்தனையாகப் பிரிந்து கிடந்த வரிகள் போயின. பிக் எண்டியன் முறையில் இயங்கும் இன்டெல் வகைப் ப்ராசசருக்கும் அங்கே நிரல் இருந்தது. அப்படி ஒரு ப்ராசசர் உலகில் இருந்ததில்லை. அந்த நீக்கத்தைப் பற்றிப் படித்தபோது எனக்குள் ஒரு மரியாதை எழுந்தது. வரிகளைக் குறைத்ததற்காக அல்ல. எத்தனையோ ஆண்டுகளாக யாரும் பதில் சொல்லாமல் விட்டிருந்த கேள்விகளுக்கு அவர்கள் வெளிப்படையாக 'இல்லை' என்று பதில் சொன்னார்கள். மூல நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் விஎம்எஸ் ஆதரவைத் தொடர்கிறது. அதுவும் ஒரு பதில்தான், அந்தக் கணினிகளை நம்பியிருப்பவர்களுக்குக் கொடுத்த பதில். இரண்டையும் நான் மதிக்கிறேன்.

நீக்குவதிலும் ஒரு கண்ணியம் உண்டு. லினக்ஸ் 1991இல் ஓர் இன்டெல் 386 கணினியில் பிறந்தது. 2012 டிசம்பரில் அந்த 386க்கான ஆதரவையே கெர்னலிலிருந்து எடுத்தார்கள். பிறந்த வீட்டைப் பூட்டுவது போன்ற காரியம் என்றாலும் ஒளிவுமறைவில்லாமல், காரணத்தோடு செய்தார்கள். 2018இல் 4.17 பதிப்பிலிருந்து எட்டு வகைக் கணினி ஆதரவுகள் போயின. ஏறக்குறைய ஐந்து லட்சம் வரிகள். அதற்கு முன், அவற்றைப் பராமரித்தவர்களிடம் விசாரித்தார்கள்: இன்னும் யாராவது பயன்படுத்துகிறீர்களா? பதில்களைக் கொண்டு எதை வைப்பது, எதை எடுப்பது என்று தீர்மானித்தார்கள். கேட்ட பிறகு எடுப்பதும் கேட்காமல் எடுப்பதும் முடிவில் ஒரே மாதிரியான கோப்பைத்தான் தரும். ஆனாலும் அவை ஒரே செயல் அல்ல.

சீர்செய்யும் வேலைக்கு வருகிறேன். இதை நிதானமாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் சி நிரலில் இவ்வளவு பொறுமை கேட்கும் வேலை வேறு குறைவு.

முதலில் நிபந்தனை வரிகளில் வரும் பெயர்களை எல்லாம் திரட்ட வேண்டும். திரட்டி அகர வரிசையில் அடுக்கினாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும். ஒரே பொருளுக்கு மூன்று எழுத்துக்கூட்டல். எங்குமே அறிவிக்கப்படாத ஆனால் பல கோப்புகளில் கேட்கப்படும் பெயர். அறிவிக்கப்பட்டு யாருமே கேட்காத பெயர். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு மனிதரின் எண்ணம் இருக்கிறது. பழைய பதிவுகளைப் புரட்டினால், எந்த ஆண்டு, எந்தக் கணினிக்காக, எந்தப் பிழையைத் தாண்ட அது எழுதப்பட்டது என்று சில சமயம் கிடைக்கும். கிடைக்காதபோதுதான் கஷ்டம். அப்போது ஊகிக்கத் தோன்றும். அந்த இடத்தில் ஊகித்தால், ப்ரீபிராசசர் செய்யும் தவற்றையே நாமும் செய்கிறோம்.

இதற்கென்றே அன்இஃப்டெஃப் என்று ஒரு சிறிய கருவி இருக்கிறது. டேவ் யோஸ்ட் எழுதியது. டோனி ஃபின்ச் பிற்பாடு புதுப்பித்துப் பராமரித்தார். இந்தப் பெயர் அறிவிக்கப்பட்டது, இந்தப் பெயர் அறிவிக்கப்படாதது என்று நாம் சொன்னால், அதற்கேற்ப நிபந்தனைகளைக் கரைத்து, மிஞ்ச வேண்டிய வரிகளை மட்டும் விட்டுவைக்கும். ப்ரீபிராசசரும் நீக்கும் வேலையைத்தான் செய்கிறது, ஆனால் இந்தக் கருவியின் நடத்தை வேறு. நாம் எதுவும் சொல்லாத பெயர் வந்தால் அது தொடுவதில்லை. நிபந்தனையை இருந்தபடியே விட்டுவிட்டு நகர்கிறது. அதற்கு மூன்று நிலைகள் தெரியும்: உண்டு என்று சொல்லப்பட்டது, இல்லை என்று சொல்லப்பட்டது, எனக்குச் சொல்லப்படாதது. மூன்றாவதன் மேல் கை வைக்க அது மறுக்கிறது. இவ்வளவு சிறிய ஒரு கருவியிடம் நான் கற்றுக்கொண்டது கொஞ்சமல்ல.

நீக்கிய பிறகு ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று எப்படித் தெரியும்? நீக்குவதற்கு முன்பும் பின்பும் கம்பைல் செய்து, கிடைக்கும் ஆப்ஜெக்ட் கோப்புகளை பைட் பைட்டாக ஒப்பிடுவதுதான் நம்பகமான வழி. இரண்டும் ஒன்றென்றால் ஓடும் நிரலில் எந்த மாற்றமும் இல்லை. அசர்ட் வரிகள் தம் வரி எண்ணையும் நிரலுக்குள் பதித்துக்கொள்வதால், மேலே ஐந்து வரி குறைந்தாலே கீழே பைட்டுகள் மாறிவிடும். அதற்கும் அன்இஃப்டெஃப் ஒரு வழி வைத்திருக்கிறது: நீக்கிய வரிக்குப் பதிலாக வெற்று வரியை விட்டுவைக்கச் சொல்லலாம். முதலில் அப்படிச் செய்து ஒப்பிட்டுவிட்டு, பிறகு வெற்று வரிகளை அகற்றலாம். ஆயிரக்கணக்கான வரிகளை மாற்றிய பிறகு, நிரல் முன்பு இருந்ததிலிருந்து ஒரு பைட்டும் மாறவில்லை என்பதே வெற்றியாகக் கொண்டாடப்படும் வேலை இது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்கவில்லை. அடுத்து அந்தக் கோப்பைத் திறந்து படிப்பவருக்குத்தான் தெரியும்.

இந்தக் கட்டத்தில் நடத்தையை மாற்றும் எந்தத் திருத்தத்தையும் உடன் சேர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஹாட்பிளக் போன்ற ஒரு பிழை கண்ணில் பட்டால் அதைத் தனியே குறித்து, தனி பேட்சாக அனுப்ப வேண்டும். பைட் ஒப்பீடு தரும் நிம்மதியை ஒரு சின்னத் திருத்தத்துக்காக விலைபேசுவது நல்ல வியாபாரம் இல்லை.

அடுத்தது, மிஞ்சிய பெயர்களுக்கு ஒரே மரபை நிறுவுவது. என் தேர்வு இது: ஒவ்வொரு தேர்வுக்கும் மதிப்பு உண்டு, 1 அல்லது 0, இரண்டில் ஒன்று கட்டாயம் எழுதப்பட்டிருக்க வேண்டும், கேட்பது எப்போதும் 'இஃப்' என்றே. பிறகு ஜிசிசி கம்பைலரின் 'டபிள்யூ-அன்டெஃப்' எச்சரிக்கையை இயக்கி, அதைப் பிழையாகவே கருதச் சொல்லிவிடலாம். 'இஃப்' வரியில் தெரியாத பெயர் வந்தால் இனி பூஜ்ஜியம் என்று கடந்து போகாது, நிற்கும். கேட்கிற முறை 'இஃப்டெஃப்' ஆக இருந்தால் இந்த எச்சரிக்கை உதவாது, ஏனென்றால் பெயர் இல்லாமல் இருப்பதே அங்கே ஒரு பதில். 'சிபியு ஹாட்பிளக்' என்ற தடம் புரண்ட பெயர் இந்த மரபில் எழுதப்பட்டிருந்தால், எழுதிய அன்றே, முதல் கம்பைலிலேயே பிடிபட்டிருக்கும்.

கெர்னல்காரர்களுக்கு இந்த வேறுபாடு தெரியாததல்ல. அங்கே தேர்வுகளைக் கையாளும் கேகான்ஃபிக் என்ற ஏற்பாட்டில், ஒருவர் ஒரு வசதியை வேண்டாம் என்று சொன்னால், 'இது அமைக்கப்படவில்லை' என்ற பொருளில் ஒரு வரி அமைப்புக் கோப்பில் எழுதப்படும். பார்வைக்கு அது வெறும் குறிப்பு வரி. ஆனால் கருவி அதைப் படிக்கிறது. புதிய கெர்னலுக்கு மாறும்போது பழைய அமைப்புக் கோப்பைக் கொடுத்தால், அந்த வரி உள்ள வசதிகளைப் பற்றி மறுபடி கேட்காது. அவர்தான் முடிவு சொல்லிவிட்டாரே. கோப்பில் பெயரே இல்லாத புதிய வசதிகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்கும். மனிதரோடு பேசும் இடத்தில் 'வேண்டாம் என்றார்' என்பதும் 'இன்னும் கேட்கவில்லை' என்பதும் தனித்தனியே காக்கப்படுகின்றன. அந்த அமைப்பு சி நிரலுக்குள் இறங்கும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டுக்கும் அறிவிப்பு இல்லை; இரண்டும் பூஜ்ஜியம்.

இங்கே நான் நீண்ட நேரம் நின்றேன். மௌனத்தை 'இல்லை' என்று கொள்வதால் கேட்கப்படாதவருக்கு அநியாயம் என்பது எளிதில் தெரிகிறது. யோசித்து முடிவு சொன்னவருக்கும் அதே அளவு அநியாயம் நடக்கிறது என்பது அப்போதுதான் புலப்பட்டது. ஒருவர் ஒரு கணினியின் கையேட்டைப் படித்து, சோதித்து, இந்த வசதி இங்கே கூடாது என்று தீர்மானித்தார். இன்னொருவர் அப்படி ஒன்று இருப்பதையே அறியவில்லை. இருவரும் விட்டுப்போன தடம் ஒன்றுதான்: வெறுமை. பின்னால் வருபவரால் முதல்வரின் அறிவை இரண்டாமவரின் அறியாமையிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. ஆகவே அவர் எல்லாவற்றையும் அறியாமை என்று எண்ணித் துணிந்து மாற்றுவார், அல்லது எல்லாவற்றையும் முடிவு என்று எண்ணி அஞ்சித் தொடாமல் விடுவார். பழைய நிரல்களில் நாம் காணும் அவசரமும் பயமும் இந்த ஓர் ஊற்றிலிருந்துதான் வருகின்றன. சொன்ன 'இல்லை'க்கு ஓர் இடம் கொடுத்து எழுதிவைத்தால்தான் சொல்லாதது சொல்லாததாகத் தெரியும். நிறுவனங்களிலும் குடும்பங்களிலும்கூட, யாரும் எதிர்க்கவில்லை என்பதை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள் என்று எழுதிக்கொள்ளும் ஒவ்வோர் இடத்திலும், உண்மையிலேயே ஒப்புக்கொண்டவர்களின் சொல்லும் சேர்ந்து மதிப்பிழக்கிறது.

எழுதிவைத்தால் மட்டும் போதுமா என்றால், ஒரே கேள்விக்கு எல்லாக் கோப்புகளும் ஒரே பதிலைப் பெறுவதும் வேண்டும். 32-பிட் கணினிகளில் நேரத்தைக் குறிக்கும் எண் 2038 ஜனவரி 19 அன்று நிரம்பிவிடும். அதை 64-பிட் ஆக்க, 2021இல் வந்த ஜிலிப்சி 2.34 ஒரு மேக்ரோவைத் தந்தது. ஒரு நூலகம் அதை அறிவித்துக் கம்பைல் ஆகி, அதை அழைக்கும் நிரல் அறிவிக்காமல் கம்பைல் ஆனால், ஒரே ஸ்ட்ரக்சருக்கு இரண்டு பேரும் இரண்டு அளவு நினைப்பார்கள். அதனால்தான் டெபியன் லினக்ஸ் 2024இல் இந்த மாற்றத்தைச் செய்தபோது, பாதிக்கப்பட்ட ஏராளமான நூலகப் பொதிகளின் பெயரிலேயே 'டி64' என்று சேர்த்தது. ஒரு மேக்ரோவின் மதிப்பைப் பொதியின் பெயரில் பொறிக்கும் அளவுக்கு அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது.

நிபந்தனைகளைக் குறைத்தே எழுத முடியும் என்று காட்டியவர்களும் உண்டு. 1992இல் ஹென்றி ஸ்பென்சரும் ஜெஃப் காலியரும் 'இஃப்டெஃப்' தீங்கானது என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு கணினியில் ஒரு ஃபங்ஷன் இல்லையென்றால் அதை அழைக்கும் ஒவ்வோர் இடத்திலும் நிபந்தனை போடாதே, இல்லாத ஃபங்ஷனை ஒரு முறை எழுதிக் கொடுத்துவிடு என்பது அவர்கள் வழி. லிப்ரெஎஸ்எஸ்எல் குழுவும் மற்றக் கணினிகளுக்கு நூலகத்தைக் கொண்டுபோக ஏறக்குறைய அதையே செய்தது. பெல் ஆய்வகத்தின் பிளான் 9 இயங்குதளத்தில் ஒவ்வொரு வகைக் கணினிக்குமான நிரல் தனித்தனி அடைவுகளில் இருந்தது. நிபந்தனை வரிகள் அபூர்வம்.

அப்படியும் சில கேள்விகள் தவிர்க்க முடியாதவை. பைட் வரிசை அவற்றில் ஒன்று. அங்கே செய்யக்கூடியது, நிபந்தனைச் சங்கிலியின் கடைசிக் கிளையை ஊகத்துக்கு விடாமல் 'எரர்' வரியால் மூடுவது. பிக் எண்டியன் என்று தெரிந்தால் இது, லிட்டில் எண்டியன் என்று தெரிந்தால் அது, இரண்டும் இல்லையென்றால் கம்பைல் அங்கேயே நிற்கட்டும். 'இந்தக் கணினியின் பைட் வரிசை சொல்லப்படவில்லை, இன்ன கோப்பில் எழுதவும்' என்ற செய்தியோடு நிற்கட்டும். இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. புதிய கணினியில் முதன்முதலாக நிரலை ஓட்டிப் பார்ப்பவருக்கு இது எரிச்சலூட்டும், அனேகமாக லிட்டில் எண்டியனாகத்தான் இருக்கும், அப்படியே விட்டால் என்ன என்பார்கள். எரிச்சல் உண்மைதான். ஆனால் அந்தக் கணினியைக் கையில் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். நிரலை எழுதியவர்களில் யாருக்கும் அதைப் பற்றித் தெரியாது. அவர் கையேட்டைத் திறந்து, பைட் வரிசையைப் பார்த்து, ஒரு வரி எழுதி அனுப்பினால் அந்தக் கணினிக்கான பதில் நிரலில் முதன்முறையாக ஏறுகிறது. அவர் எழுதுவது 0 என்றாலும் சரிதான்.